ஐம்பத்திரண்டாம் பாகம்

மனிதகுலம் நிலவைத் தொட்டது அறிவியலால் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது பாதி உண்மை. மீதிப் பாதி பக்தி. ஒரு மாபெரும் தலைவன் காட்டிய வழியில், உயிரைத் துரும்பாக மதித்து, அண்டவெளியின் இருளைக் கிழித்துக்கொண்டு புறப்பட்ட அந்த அறுபது வீரர்களின் பெயர்களைக் காலம் கல்லில் வெட்டி வைக்கும்.

அறுபது வீரர்களில் முக்கால்வாசிப் பேர் கிளம்பிய அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். மிச்சப் பேர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தலைவன் ஒரு கார்ட்டூன்.

கேப்டன் பரிதிவளவன். ‘நெடுந்தேர்’ என்ற விண்கப்பலின் தலைவர். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குத் தமிழில் பேசியவர். எந்த நாட்டில் வரைந்தார்கள், அங்கே அவருக்கு என்ன பெயர் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. குரல் முடிந்த பிறகும் அவருடைய வாய் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருக்கும். மொழிமாற்றம் செய்தவர்களின் அவசரம் அது. ஆனால் அருப்புக்கோட்டை ரசிகர்கள் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். கேப்டன் நமக்குச் சொல்வது கொஞ்சம், தனக்குள் சொல்லிக்கொள்வது மிச்சம்.

அந்த விளக்கத்தை அருளியவர் தலைமை ரசிகர் மன்றத்தின் தலைவர் ஜெயக்கொடி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தலையில் முடி கிடையாது. கப்பலில் முதல் வரிசையில், சிவப்புத் தோள்துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி தங்கபுஷ்பம். அவருக்கும் ஒரு சிவப்புத் தோள்துணியைக் கொடுத்திருந்தார்கள். அதை நான்காக மடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

நடைபாதைக்கு வலப்பக்கம் தலைமை மன்றம். இடப்பக்கம் சாத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட உண்மைத் தலைமை மன்றம். அதன் தலைவர் குருபாதம், ஜெயக்கொடியின் பழைய சீடர். பிரிவுக்குக் காரணம் கடைசிப் பாகம். ஐம்பத்திரண்டாம் பாகத்தின் முடிவில் கப்பல் பத்திரமாகத் தரையிறங்குகிறது, கேப்டன் வெளியே வந்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசி வீரர்களுக்கு வணக்கம் வைக்கிறார். இதுவரைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. வலது கையால் வைத்தார் என்பது ஜெயக்கொடி. இடது கை என்பது குருபாதம். இதற்காக ஒரு பொதுக்குழுவில் நாற்காலி பறந்திருக்கிறது.

நிலவுப் பயணம் என்று வந்ததும் இரண்டு மன்றமும் ஒன்று சேர்ந்தன. காரணம், பயணக் கம்பெனி கொடுத்த சலுகை. மொத்தக் கப்பலையும் ஒரே குழு எடுத்துக்கொண்டால், கப்பலை ஓட்டும் இயந்திர மூளைக்குத் தங்களுக்குப் பிடித்த முகத்தையும் குணத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கலாம்.

“முகமில்லாத மெஷின் ஓட்டுனா ஜனங்க பயப்படுறாங்க சார்,” என்று விளக்கியிருந்தாள் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண். கம்பெனி சார்பில் கப்பலில் வந்த ஒரே பொறியாளர். “ஆனா வெறும் முகத்த மட்டும் ஒட்டுனா அது நடிப்பு. அதனால அந்த ஆளாவே மாத்திருவோம். ஆபத்து வந்தா அவரு எப்படி முடிவெடுப்பாரோ அப்படியேதான் மெஷினும் எடுக்கும். அதுக்கு எங்களுக்கு மொத்தத் தொடரும் வேணும்.”

மொத்தத் தொடரும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அருப்புக்கோட்டையில், ஜெயக்கொடி வீட்டுக் கண்ணாடி அலமாரியில், ஐம்பத்திரண்டு வீடியோ கேசட்டுகளாக.

கேப்டன் இப்போது கப்பலின் முன்புறத் திரையில், ஆள் உயரத்துக்கு, ஆரஞ்சு நிறச் சீருடையில் நின்றுகொண்டிருந்தார்.

“வீரர்களே!” என்றார். “விண்மீன்கள் நம்மை அழைக்கின்றன! அஞ்சுவது யாதொன்றும் இல்லை!”

குரல் நின்றது. வாய் அசைந்தது. அறுபது பேரும் கண்ணீர் விட்டார்கள்.

இரண்டாம் நாள் பாலாபிஷேகம். எடையில்லாத இடத்தில் பால் கீழே விழாது என்று நஸ்ரின் மூன்று முறை சொல்லியிருந்தாள். சொம்பைக் கவிழ்த்த பிறகுதான் புரிந்தது. பால் உருண்டை உருண்டையாகத் திரண்டு, கேப்டனைச் சட்டை செய்யாமல், கப்பல் முழுக்க மிதந்து போனது. பக்தர்கள் வாயைத் திறந்துகொண்டு அதைத் துரத்தினார்கள். குருபாதம் பிடித்த உருண்டையை வலப்பக்கத்துக்காரர் ஒருவர் பாதியிலேயே கவ்விக்கொண்டதில் பழைய பகை புதுப்பிக்கப்பட்டது.

நடுவில் அபாய மணி அடித்தது. எங்கிருந்தோ ஒரு கல் குறுக்கே வந்துகொண்டிருந்தது.

கேப்டன் வாளை உருவினார். கண் சிவந்தது. “இதோ நம் கண்ணெதிரே மரணம்! நெடுந்தேர் பிழைக்குமா? அல்லது இதுவே நம்...”

அப்படியே உறைந்து நின்றார். பிறகு முகம் மலர, வேறொரு குரலில், “கூந்தல் உதிர்கிறதா? கவலை வேண்டாம்! மூலிகைகளின் மகாராணி, கார்மேகம் கூந்தல் தைலம்!” என்றார்.

நஸ்ரின் திரையை நோக்கிப் பாய்ந்தாள். ரசிகர்கள் யாரும் அசரவில்லை.

“விளம்பரம்மா,” என்றார் ஜெயக்கொடி பொறுமையாக. “டிவியிலேர்ந்து பதிவு பண்ணதுல்ல? முடிஞ்சதும் வந்துருவாரு.”

“கல்லு வருது சார்!”

“எந்தக் கல்லா இருந்தாலும் விளம்பரம் முடியாம இடிக்காது.”

முடிந்தது. கேப்டன் திரும்பி வந்து, கப்பலை லாவகமாக ஒடித்து, கல்லை ஒதுக்கிவிட்டார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

நஸ்ரின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜெயக்கொடி பக்கத்தில் ஒரு கம்பியைப் பிடித்து நின்றாள். இந்தப் பேச்சு அப்போது வராமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு நிம்மதியாக நிலவில் போய் இறங்கியிருப்பார்.

“கேசட்ட நீங்க யாரும் போட்டுப் பாக்கலையாம்மா?” என்று கேட்டார்.

“நாங்க எதுக்கு சார் பாக்கணும்? மெஷின் பாத்துச்சு. அம்பத்திரெண்டையும் ரெண்டே நிமிஷத்துல பாத்துருச்சு.”

“அது சரியாப் பாத்துச்சான்னு?”

“அத இன்னொரு மெஷின் பாத்துச்சு. ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லுச்சு.” நஸ்ரின் தொடர்ந்தாள். “கடைசிப் பாகம் கையில கெடச்சது நல்லதாப் போச்சு சார். மத்த பாகத்துல எல்லாம் கப்பல் பறந்துக்கிட்டே இருக்குல்ல. பயணத்த எப்படி முடிக்கணும், எப்ப எறங்கணுங்கிறத மெஷின் கடைசிப் பாகத்துலேர்ந்துதான் எடுத்துருக்கு.”

ஜெயக்கொடி தோள்துணியை இழுத்துத் தலையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார்.

ஏனென்றால் ஜெயக்கொடி கடைசிப் பாகத்தைப் பார்த்ததே இல்லை.

‘அடுத்த வாரம் இறுதிப் பாகம், காணத் தவறாதீர்கள்’ என்று சேனல்காரன் அறிவித்தபோது அடுத்த ஞாயிறு அவருக்குக் கல்யாணம். முகூர்த்தம் பத்திலிருந்து பத்தரை. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டார். அவருடைய அப்பா சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. சரியென்று வீட்டு வீடியோ டெக்கைப் பத்து மணிக்குத் தானாகப் பதிவு செய்யும்படி திருகி வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போனார். வீட்டைப் பூட்டிக் கடைசியாகக் கிளம்பிய அப்பா, பொறுப்புள்ள மனிதர், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

காலிக் கேசட்டைத் தலைவர் வீட்டு அலமாரியில் வைக்க முடியுமா? ஐம்பத்திரண்டு என்று எழுதிய உறைக்குள் கல்யாண கேசட்டைப் போட்டு வைத்தார். யாராவது கேட்டால், “கடைசிப் பாகம் புனிதமானது. கண்டபடி போட்டுப் பாக்கக் கூடாது,” என்பார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கம்பெனிக்குக் கொடுக்கும்போதும் உறைக்குள் கை விடவில்லை. ஐம்பத்தொன்று என்று சொன்னால் குருபாதம் என்ன சொல்வான்?

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “கடைசிப் பாகத்த மட்டும் இப்ப எடுத்துற முடியாதா?”

“எதுக்கு சார்?”

எதிர்ப்பக்கத்தில் குருபாதம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் அறுபது உயிர். மறு தட்டில் தலைவர் பதவி. தராசு ஆடவே கூடாது. ஆனால் ஆடியது.

“சும்மா கேட்டேன்,” என்றார் ஜெயக்கொடி.

மறுநாள் காலை ஜன்னல் முழுக்க நிலவு. சாம்பல் பூசிய பானை மாதிரி இருந்தது. எல்லோரும் வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டார்கள். கேப்டன் தன் ஆசனத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

“வீரர்களே! நெடும்பயணம் நிறைவுறும் நேரம் வந்துவிட்டது...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சுச் சீருடையின் மேல் ஒரு ரோஜா மாலை வந்து விழுந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் முளைத்தன. கேப்டனின் கம்பீரம் எங்கேயோ வடிந்துபோய், முகத்தில் ஒரு பரிதவிப்பு வந்தது. ஆசனத்தை விட்டு எழுந்து நின்றார். இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தார்.

“மணி என்னாச்சு?” என்றார்.

சுத்தமான அருப்புக்கோட்டைப் பேச்சு. குரலும் அந்தக் குரல் இல்லை. இந்த முறை வாய் சரியாகப் பொருந்தி அசைந்தது.

கப்பலில் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார். ஜெயக்கொடி வார்ப்பட்டையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

“மணி என்னாச்சுங்கிறேன்ல?” கேப்டன் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்தார்.

“பத்து அஞ்சு கேப்டன்!” என்று நஸ்ரின் கத்தினாள். நேரத்தைக் கேட்டதும் கேப்டனுக்குப் பதற்றம் அதிகமாகி, இரண்டு அடி நகர்ந்து திரையின் ஓரத்துக்கே போய்விட்டார். கப்பல் இறங்குவதை நிறுத்தி நிலவைச் சுற்ற ஆரம்பித்தது.

“நீ ஓட்டும்மா!” என்றது பின்வரிசை.

“முடியாதுங்க. கேப்டன் ஆசனத்துல உக்காந்தாத்தான் எறங்கும். பயணிங்க பதட்டத்துல ஸ்டியரிங்கப் புடுங்கக் கூடாதுன்னு சட்டமே போட்டுருக்காங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான் மூச்சுக்காத்து இருக்கு.” அவள் ஜெயக்கொடி பக்கம் திரும்பினாள். “சார், கடைசிப் பாகத்துல இப்படி ஒரு காட்சி வருதா?”

ஜெயக்கொடி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. ரசிகர்கள் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

காப்பாற்றியது யார் என்றால், குருபாதம்.

“வரும், வரும்,” என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. “நான் பாத்துருக்கேன்ல? மாலை போட்டுக்கிட்டு நிப்பாரு. மணி கேப்பாரு. அதுக்கப்பறந்தான் அந்த வணக்கம். இடது கையால.”

ஜெயக்கொடி அவரை வெறித்துப் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன. நாற்பது வருடத்தில் முதல் தடவையாகக் குருபாதம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“வணக்கம் வச்சாத்தான் உக்காருவாரு போல!” என்று யாரோ சொல்ல, வலப்பக்கம் முழுக்க வலது கையைத் தூக்கியது. இடப்பக்கம் இடது கையை. கேப்டன் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. “மணி என்னாச்சு? மணி என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே, காலியான சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் ஒரு சுற்றை முடித்து அடுத்த சுற்றில் நுழைந்தது. யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

தங்கபுஷ்பம் வார்ப்பட்டையைக் கழற்றினார்.

“புஷ்பம், எங்க போற?”

“எங்க போறேனா? மண்டபத்துல கடியாரம் எந்தப் பக்கம் மாட்டியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?” என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “கல்யாண கேசட்ட எலி கடிச்சிருச்சுன்னு சொன்னீங்களே, இந்த எலிதானா?”

“புஷ்பம்... மெதுவா...”

“எத்தன வருசம் தேடுனேன். எங்கப்பா முகம் அதுல ஒண்ணுலதான் இருந்துச்சு.”

அன்று மண்டபத்தில் நடந்தது அப்படியே ஜெயக்கொடியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. மணி பத்தானதும் அவர் மணவறையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். காரணம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? தாய்மாமனுக்கு மரியாதை குறைந்துவிட்டது, அதனால்தான் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார் என்று கூட்டமாகவே முடிவு கட்டிவிட்டது. தாய்மாமனும் அதை மறுக்கவில்லை. வேட்டி துண்டோடு ஒரு மோதிரமும் வாங்கிக்கொண்டார். அப்படியும் மாப்பிள்ளை உட்காரவில்லை. பெண்ணின் அப்பா கைகூப்பிக்கொண்டு நின்றார். கடைசியில், முகூர்த்தப் பட்டு உடுத்திக்கொள்ள உள்ளே போயிருந்த மணப்பெண் வந்தாள். தலையைக் குனிந்தபடியே மாப்பிள்ளை காதில் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். தங்கமான பொண்ணு, ஒரே வார்த்தையில் சரிக்கட்டிவிட்டாள் என்று ஊர் மெச்சியது.

இப்போது தங்கபுஷ்பம் சிவப்புத் தோள்துணியை விரித்து முந்தானை மாதிரி தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். கால்கள் மேலே மேலே மிதந்தன. நஸ்ரின் மிதந்து வந்து கணுக்காலைப் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

“தல குனிஞ்சு போகணும். அப்பத்தான் அதுக்கு அடையாளம் தெரியும்,” என்று தங்கபுஷ்பமே சொல்லிக்கொண்டார். மூட்டு வலியோடு குனிந்தார். திரையின் ஓரத்தில், கேப்டனின் காது இருந்த இடத்தில், வாயை வைத்து ஒரு வரி சொன்னார்.

கேப்டன் சுவரைப் பார்ப்பதை நிறுத்தினார். முகம் தெளிந்தது. வெட்கப்பட்டமாதிரிகூட இருந்தது. போய் உட்கார்ந்தார்.

உடனே கப்பலின் எல்லா ஒலிபெருக்கிகளிலிருந்தும் கெட்டிமேளம் வெடித்தது. நாகஸ்வரம் பிளிறியது. கேப்டன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் முடிச்சுப் போட்டார். முதல் முடிச்சுக்குக் கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி வேகம் குறைந்தது. இரண்டாவதற்கு நிலவின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது முடிச்சில் நெடுந்தேர் பூப்போலத் தரையில் உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் நான்கைந்து பேர் பாக்கெட்டைத் துழாவி, அட்சதை இல்லாததால், புளியோதரையில் மிச்சமிருந்த பருக்கைகளைத் தூவினார்கள்.

மன்றத்தில் புதிய வேதம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. கடைசிப் பாகத்தில் கேப்டனுக்குக் கல்யாணம். பெண் யார் என்பதில் நிலவில் கால் வைப்பதற்கு முன்பே மூன்று கட்சி.

குருபாதம் மிதப்பை விட்டு நடை பழகியபடி ஜெயக்கொடியிடம் வந்தார்.

“அண்ணாச்சி.”

“ம்.”

“வலது கையாவே இருக்கட்டும்.”

“ஏன், இடது கைன்னாலும் எனக்குச் சம்மதந்தான்.”

குருபாதம் அவருக்கு ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லோரும் விண்வெளிச் சட்டை மாட்டிக்கொள்ள வரிசையில் நின்றபோது, ஜெயக்கொடி மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் தோள்துணியைத் திரும்ப நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

“அது காதுல என்ன சொன்ன?”

“அன்னைக்கு உங்க காதுல சொன்னதத்தான்.”

அன்று அவள் சொன்னது அவருக்கு மறக்குமா? ‘பொண்ணு ரூம்ல டிவி ஓடுச்சு. நான் பாத்துட்டேன். கப்பல் பத்திரமா எறங்கிருச்சு. நீங்க உக்காருங்க.’ அந்த மூன்று வார்த்தை முடிவிலிருந்துதான் மண்ணெடுத்து நெற்றியில் பூசுவதையும், வணக்கத்தையும், வலது கையையும், நாற்பது வருடத்து ஆண்டுவிழாக்களையும் அவர் வளர்த்தெடுத்திருந்தார்.

“நீயாவது பாத்தியே புஷ்பம்,” என்றார். “குருபாதமும் பாக்கல. உலகத்துலயே கடைசிப் பாகத்தப் பாத்த ஒரே ஆளு நீதான். கேக்கவே வெக்கமா இருக்கு. கேப்டன் கடைசியில வெளிய வந்தாரா? எந்தக் கைன்னு ஞாபகம் இருக்கா?”

தங்கபுஷ்பம் ஜன்னல் வழியாகச் சாம்பல் தரையைப் பார்த்தார்.

“எங்கப்பா கையக் கூப்பிக்கிட்டு நின்னாரு. எனக்கு அப்ப வயசு இருவத்திமூணு. நான் வேற என்னத்தச் சொல்ல முடியும்?”

“என்னத்தச் சொல்லணும்?”

“இருந்ததச் சொல்லியிருந்தா நீங்க உக்காந்துருப்பீங்களா?”

பின்னால் கேப்டன் விடைகொடுத்துக்கொண்டிருந்தார். மாலை மறைந்து, பழைய குரல் திரும்பியிருந்தது. ஜெயக்கொடி தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். கல்யாணமான புதிதில் மனைவி தனக்கென்று வாங்கிவந்த ஒரு பாட்டில் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. அவள் அதை எங்கே பார்த்து வாங்கினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடர் வரவில்லை. பத்திலிருந்து பத்தரை வரை கார்மேகம் கூந்தல் தைலத்தின் விளம்பர நிகழ்ச்சி ஓடியது.